இடைத்தேர்தலுக்குக் காத்திருந்த ஊர்

பிப்ரவரி 11, செவ்வாய்

வேதாவுக்கு இன்று டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கே ஆட்டோ வந்துவிட்டது. கல்லாறு வெறும் மணலாகக் கிடப்பதால் தரைப்பாலத்தில் தடங்கல் இல்லை. அவளை வெண்கரை அரசு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, வழக்கம்போல் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

நூலகர் பாத்திமா ஒரு வேலை கொடுத்தார். நூலகத்துக்கு அறுபதாம் ஆண்டு மலர் போடுகிறார்கள். அதற்கு வெண்கரை சட்டமன்றத் தொகுதியின் வரலாறு வேண்டுமாம்.

"நீங்கதான் சார் எழுதணும். காலம் முழுக்க ஹிஸ்டரி எடுத்தவரு."

"அம்மா, நான் எடுத்தது பானிபட், பிளாசி. வெண்கரை சிலபஸ்லயே இல்ல."

"இப்ப சேத்துருங்க."

திரும்பும்போது வேதாவிடம் சொன்னேன். ஆட்டோவில் கண்ணை மூடியபடியே, "நல்லதுதான். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு போற வர்றவங்களுக்கெல்லாம் பாடம் நடத்தாம இருப்பீங்க" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

கட்டுரையை எப்படித் தொடங்குவது என்று யோசித்து, வகுப்பில் செய்வதைப் போல ஓர் உதாரணத்தில் தொடங்கினேன். தொகுதி என்பது ஒரு வகுப்பறை. எம்.எல்.ஏ. அதன் லீடர். கரும்பலகை உடைந்துவிட்டது என்று லீடர் போய் ஹெட்மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். சொல்வதுதான் அவன் வேலை. பலகை வருவதும் வராததும் அவன் கையில் இல்லை.

எழுதியதைப் படித்தபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால் மலருக்கு இது கொஞ்சம் சோர்வான தொடக்கம். இருக்கட்டும்.

முதல் உறுப்பினர் வைத்தியலிங்கம், 1957. சென்னைக்கு ரயிலேற, எங்கள் கீழத்தோப்பிலிருந்து மாட்டுவண்டியில் ஆற்றைக் கடந்து போவாராம். மழைக்காலக் கூட்டத்தொடர் என்றால் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். கடைசி நாள்வரை அக்கரைக்கு ஒரு பாலம் கேட்டார். தரைப்பாலம் கிடைத்தது. நாம் இன்றைக்கும் அதில்தான் போகிறோம். தண்ணீர் வந்தால் அதன் மேலேயே ஓடும்.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு எதிரில் பிச்சையாவின் டீக்கடை. நான் உள்ளே நுழைந்ததும், "சார், உங்க பி.டி. மாஸ்டர் படுத்துட்டாராமே?" என்றார்.

எங்கள் எம்.எல்.ஏ. மாசிலாமணியைத்தான் சொல்கிறார். பதினான்கு வருடம் எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனார். எதிர்க்கட்சி. இப்போது ஈரலில் கட்டியாம், திருச்சியில் சேர்த்திருக்கிறார்களாம்.

"சீரியஸா?" என்று கேட்டேன்.

"சீரியஸ்தான்ங்கிறாங்க" என்றார் பிச்சையா. குரலில் வருத்தம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் பெஞ்சில் இருந்த ஒருவர், "அப்ப பாலம் வந்துரும்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னய்யா பேச்சு இது?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் பிச்சையா. "கோவிந்தராசு செத்தாரு, பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. ருக்குமணியம்மா செத்தாங்க, இந்தா எதுத்தாப்புல ஆஸ்பத்திரி. நடுவுல ரெண்டு தரம் இருந்தாரே ஆரோக்கியசாமி, என்ன வந்துச்சு? நல்ல மனுஷன். ஆனா சாகாத எம்.எல்.ஏ.!"

மறுபடியும் சிரிப்பு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கட்டுரைக்காகப் பழைய செய்தித்தாள் நறுக்குகளைப் பார்த்தேன். பிச்சையா சொன்னது சரிதான்.

கோவிந்தராசு 1974இல் மாரடைப்பில் இறந்தார். இடைத்தேர்தல் அறிவிப்புக்கு முன்பே மந்திரிகள் வந்து தங்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு, தெருவிளக்கு, பெண்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எல்லாம் ஒரே பருவத்தில் முளைத்தன. ஆரோக்கியசாமி இரண்டு முறை ஜெயித்து, மாதம் தவறாமல் மனு எழுதி, ஆரோக்கியமாக இருந்து, எதையும் பெறாமல் ஓய்ந்தார். ருக்குமணி 1999இல் கார் விபத்தில் போனார். மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல்.

கோடைக்கு முன் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல, ஒரு ஊர் தன் எம்.எல்.ஏ.யின் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டது. இதை மலரில் எழுத முடியாது.

வேதாவிடம் ருக்குமணி விஷயத்தைச் சொன்னேன். "தெரியுமே. நான் படுக்கிற கட்டிலுக்கு நேரா கல்வெட்டு இருக்கு. மந்திரி பேரு, கலெக்டர் பேரு, காண்ட்ராக்டர் பேரு எல்லாம் இருக்கு. அந்தம்மா பேருதான் இல்ல" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

நூலகத்தில் தேர்தல் சட்டப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இடைத்தேர்தல் எப்போது நடக்கும் என்பதைக் கட்டுரையில் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று பார்த்தேன். உறுப்பினர் இறந்து இடம் காலியாகும்போது சபையின் ஆயுள் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் கிடையாது. நம் சபையின் ஆயுள் அடுத்த வருடம் மே பத்தோடு முடிகிறது. அதாவது, இடைத்தேர்தலுக்குக் கெடு இந்த மே பத்து.

ஊரில் எல்லோரும் அந்த ஒரு வருடத்தை ஆறு மாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

சாயங்காலம், "என்ன காலண்டரையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் வேதா.

"கரண்டு பில்லுக்குக் கடைசித் தேதி" என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

தரைப்பாலத்தின் வெண்கரைப் பக்கம் மூன்று லோடு ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். கரையில் இருந்த பாறைகளில் வெள்ளைப் பெயின்டால் அம்புக்குறி. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். காண்ட்ராக்டர் தனபால் நின்றுகொண்டிருந்தார். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரும் அவர்தான்.

"டெண்டர் விட்டாச்சா தனபால்?"

"இல்ல சார். எதுக்கும் ரெடியா இருக்கணும்ல. அப்புறம் அவசரம்னா ஜல்லி கிடைக்காது."

"எதுக்கு அவசரம்?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "வெயில் ஏறுதுங்க சார், அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அந்த ஜல்லி நல்ல கருங்கல் ஜல்லி. பாலம் கட்டத் தகுந்ததுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் மாசிலாமணி குணமாக வேண்டும் என்று சிறப்பு அர்ச்சனை. டீக்கடைப் பெஞ்சு முழுக்க இங்கே இருந்தது. பிச்சையா பால்குடம் எடுத்தார். கண்ணில் தண்ணீரோடு எடுத்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் வரிசையில் நின்றேன், அர்ச்சகர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது மாசிலாமணியின் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. வேதாவின் நட்சத்திரத்தைச் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. திருச்சிக்குப் போய் மாசிலாமணியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தார். மைதானத்தில் விசில் ஊதினால் அடுத்த தெரு நாய் நின்றுவிடும், அப்படிப்பட்ட மனுஷன். கையில் கொண்டுபோன சாத்துக்குடிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சார். ஜல்லி கொட்டிட்டாங்களாமே?"

"எந்த ஜல்லி?" என்றேன்.

"சார், உங்களுக்குப் பொய் சொல்ல வராது. ஸ்டாஃப் ரூம்லயே வராது. லீவு லெட்டர்ல 'காய்ச்சல்'னு எழுதிட்டு மூணு நாளு முகம் வாடி இருப்பீங்க."

சிரித்தேன். அவரும் சிரித்தார், பாதியில் இருமல் வந்துவிட்டது.

"நாலு வருஷமா கேட்டேன் சார். சபையில எந்திரிச்சு நின்னு கேட்டேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னாங்க. போன ஐப்பசியில தண்ணியில இறங்கி நின்னு போராட்டம் பண்ணேன். கேஸ் போட்டாங்க. அப்பல்லாம் ஒரு கூடை ஜல்லி வரல. இப்ப சும்மா படுத்தேன், மூணு லோடு."

"அதெல்லாம் யோசிக்காதீங்க. உடம்பைப் பாருங்க."

"உடம்பைத்தான் சார் ஊரே பாக்குது." தலையணையில் சாய்ந்துகொண்டார். "மே பத்து. தெரியும்ல உங்களுக்கு?"

சாத்துக்குடிகளை மேசையில் அடுக்கினேன்.

"அதுக்குள்ள ஃபைனல் விசில் அடிச்சுட்டா பாலம். தாண்டிட்டா ஒண்ணும் இல்ல. வெறும் இரங்கல் தீர்மானம். டாக்டர் நல்லவரு சார். ராப்பகலா பாடுபடுறாரு. 'கவலைப்படாதீங்க, ஜூன் வரைக்கும் கொண்டுபோயிடுறேன்'ங்கிறாரு. பாவம், நம்ம தொகுதி நிலவரம் அவருக்குத் தெரியாது."

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா எப்படி இருக்காங்க? செவ்வாய், வெள்ளிதானே?"

"ஆமா."

"போன மழையில ரெண்டு தரம் விட்டுப்போச்சு இல்ல?"

"ஆமா. மூச்சுத் திணறல் வந்துருச்சு. அறுபது கிலோமீட்டர் சுத்திக்கிட்டுப் போனோம்."

"வர்ற ஐப்பசிக்கு என்ன சார் பண்ணுவீங்க?"

சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். "ஊர்ல நீங்க ஒருத்தராவது நான் இருக்கணும்னு நினைக்கிறீங்கல்ல சார்?"

"பின்னே?" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "இனிப்பா இருக்கு" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். வெயில் அதிகம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டயாலிசிஸ். மாசிலாமணி எப்படி இருக்கார் என்று வேதா கேட்டாள். "இருக்கார்" என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வேதாவின் காலில் வீக்கம் கூடியிருக்கிறது. டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே ஒண்ணுகூட மிஸ் ஆகக் கூடாது. போன வருஷம் மாதிரின்னா உடம்பு தாங்காது" என்றார்.

மழைக்கு மூன்று மாதம் வெண்கரையில் வீடு எடுத்து இருக்கலாமா என்று வேதாவிடம் கேட்டேன். "மாட்டை யாரு பாக்கிறது? அங்க போய் சாகுறதுக்கு இங்கயே இருக்கேன்" என்றாள். அவளிடம் பேசி ஜெயித்ததில்லை.

பிறகு அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, கரண்டு பில்லு கட்ட வேண்டியது இருபதாம் தேதிதானே? காலண்டர்ல பத்தாம் தேதிக்கு எதுக்குப் பென்சில் வட்டம்?"

"மறந்து போட்டிருப்பேன்."

அவள் மேசை இழுப்பறையில் ரப்பரைத் தேடி எடுத்தாள். காலண்டர் முன்னால் நின்று அந்த வட்டத்தை அழித்தாள். நிதானமாக, தாள் கிழியாமல் அழித்தாள். ஊதித் துடைத்துவிட்டு, "அவரு நம்ம வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

டயாலிசிஸ். கட்டுரை நகரவில்லை. தனபால் இன்னும் இரண்டு லோடு இறக்கியிருக்கிறார். பத்திரிகையில் மாசிலாமணி உடல்நிலையில் முன்னேற்றம் என்று போட்டிருந்தார்கள். பிச்சையா அதைச் சத்தமாகப் படித்தார். பெஞ்சில் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் "சந்தோஷம்" என்றார்.

மே 10, சனி

மாட்டுக்குத் தவிடு வாங்கினேன். வேறு விசேஷம் இல்லை. ரேடியோவில் மூன்று முறை செய்தி கேட்டேன்.

மே 11, ஞாயிறு

காபி கசந்தது. சர்க்கரை போட்டேன் என்கிறாள் வேதா.

மே 20, செவ்வாய்

நேற்று மாலை மாசிலாமணி இறந்துவிட்டார். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரவு மலையில் கோடை மழை. காலையில் ஆட்டோ தரைப்பாலத்துக்கு வந்தபோது முழங்காலுக்கு மேல் தண்ணீர், செம்மண் நிறத்தில், வேகமாக. ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார். வேதாவுக்கு இன்று முறை. சுற்றிப் போகலாம் என்றேன். அவளுக்கு மூச்சு அப்போதே இழுத்தது, "அவ்வளவு தூரம் வேணாங்க, கொஞ்ச நேரம் பாப்போம்" என்றாள்.

அப்போது எதிர்க்கரையில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்புக் கொடி, மாலைகள். அமரர் ஊர்தி. திருச்சியிலிருந்து மாசிலாமணியைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் வீடு எங்கள் ஊரில், இந்தக் கரையில்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் பாலத்தின் மேல் தண்ணீர். ஊர்க்காரர்கள் எங்கள் பக்கம் கூடி நின்றார்கள். அங்கே கட்சிக்காரர்கள், பிச்சையா, மாலையோடு தனபாலும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது? கட்சிப் பையன்கள் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைத் தோளில் வைத்தார்கள். இறக்கத்தில் சேறு வழுக்கியது. ஒருவன் கால் நழுவி, எல்லோரும் "ஏய்" என்று கத்தினோம். "அந்த ஜல்லி மேல கால வையிடா!" என்றார் பிச்சையா. குவியல் சரிந்து தண்ணீர்வரை பரவியிருந்தது. அதன்மேல் ஒவ்வோர் அடியாக வைத்து இறங்கினார்கள். தனபால் தானும் தண்ணீரில் இறங்கிப் பெட்டியின் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டார். கயிறு கட்டி, அதைப் பிடித்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள்.

பெட்டியை எங்கள் கரையில் ஒரு பெஞ்சில் இறக்கி மூடியைத் திறந்தார்கள். வேதா ஆட்டோவிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். "மூக்குக்கண்ணாடி போடாம இருக்காரே" என்றாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டையைப் பார்த்தேன்.

அப்போதுதான் பையன்களில் ஒருவன் வேதாவைப் பார்த்தான். "என்ன டீச்சரம்மா இங்க நிக்கிறீங்க? ஆஸ்பத்திரிக்கா?" அவள் டீச்சர் இல்லை, என் மனைவி என்பதால் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சொல்வதற்குள் அவனே, "நாற்காலி எடுங்கடா" என்றான்.

பெட்டியைக் கொண்டுவந்த அதே நான்கு பேர் திரும்பும்போது வேதாவை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கயிற்றைப் பிடித்துப் பின்னால் போனேன். ஜல்லி மேலேறிக் கரைக்கு வந்தோம். அங்கே ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. வந்தவர்கள் எல்லாம் பைக்கில் வந்தவர்கள். நின்றிருந்தது அமரர் ஊர்தி ஒன்றுதான்.

டிரைவர் தயங்கினார். "அம்மா, இதுல எப்படிம்மா... ஆகாதும்மா."

"வெண்கரை வழியாத்தானே போற?"

"ஆமாம்மா."

"மாசிலாமணி வண்டிதானே. ஏத்தி விடுங்க" என்றாள் வேதா.

உள்ளே சம்பங்கி வாசனை. தரையில் உதிரிப்பூ. பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் அவளை உட்காரவைத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து பூவைக் காலில் படாமல் ஓரமாக ஒதுக்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஊர்தி நின்றதும் வாட்ச்மேன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். வேதா இறங்கியதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

நல்லபடியாக டயாலிசிஸ் முடிந்தது. அடக்கத்துக்கு நான் இருக்க முடியவில்லை.

மே 22, வியாழன்

செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது. இடைத்தேர்தல் இல்லை. அடுத்த வருடம் பொதுத்தேர்தல்தான்.

பிச்சையா டீயை ஆற்றியபடி, "என்ன சார் இவரு இப்படிப் பண்ணிட்டாரு. பத்து நாள் முந்திப் போயிருக்கக் கூடாதா?" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டீயை முழுக்கக் குடித்தேன்.

தரைப்பாலத்தில் லாரி நின்றது. ஜல்லியைத் திரும்ப அள்ளுகிறார்கள். வேறு தொகுதியில் ஏதோ வேலையாம். தனபால் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். சேற்றில் மிதிபட்டுப் புதைந்ததை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

கட்டுரையைப் பாத்திமாவிடம் கொடுத்தேன். ஒவ்வோர் உறுப்பினர் பெயருக்கும் கீழே அவர் காலத்தில் தொகுதிக்குக் கிடைத்தது என்ன என்று எழுதியிருக்கிறேன். அவர் படித்துக்கொண்டே வந்து மாசிலாமணியிடம் நின்றார்.

"சார், இந்த வரி எதுக்கு? 'ஒரு முறை, ஆற்றில் தண்ணீர் ஓடியபோது, நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.' இதெல்லாம் சாதனையில வருமா?"

"இருக்கட்டும்மா" என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். வேதா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். எதிர்க்கரையில் ஒரு வண்டியும் இல்லை.